மையவாடியில் குடியிருப்போர் எண்ணிக்கை

கெய்ரோ, ஷுப்ரா பகுதியில் வசிக்கும் காலஞ்சென்ற அப்துத்தவ்வாப் மகள் இன்ஸாஃப், வயது நாற்பத்து நான்கு, நகரத் திட்ட அலுவலகப் பொறியாளர், விசாரணை அதிகாரி முன் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது.

நான் மேற்படி பகுதியில் என் தாயாருடன் குடியிருந்து வருகிறேன். இவ்வழக்கின் எதிரி ரிஃபாத் கந்தீல் என் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எந்த நிலத்தில் எத்தனை பேர் குடியிருப்பார்கள் என்று சொல்லும் கணினிக் கணக்கு என் பொறுப்பு. அவர்கள் எந்த வழியாக வேலைக்குப் போவார்கள் என்று சொல்லும் கணக்கு அவர் பொறுப்பு. புதிய சாலை எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்ய இரண்டையும் இணைக்கச் சொல்லி எங்கள் இயக்குநர் ஷௌகத் பே உத்தரவிட்டார்.

அதன்படி இணைத்து ஓட்டியதில், கிழக்கு மையவாடி வந்ததும் கணினி நின்றுவிட்டது. நிலப் பதிவேட்டில் அது அடக்கத்தலம் என்றிருப்பதால் நான் மக்கள்தொகை சுழியம் என்று போட்டிருந்தேன். ரிஃபாத்தின் கணக்கிலோ தினமும் காலையில் அங்கிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் பஸ் ஏறினார்கள். ஆளே இல்லாத இடத்திலிருந்து ஆள் கிளம்புவதைக் கணினி ஒப்புக்கொள்ளவில்லை.

அதன்பின் ஷௌகத் பே எங்களைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா ரிஃபாத், செத்தவங்க வேலைக்குப் போறாங்களா? கபருக்குள்ள கேள்வி கணக்கு கேக்க வர்ற வானவருங்கதான் டிக்கெட் எடுத்துக் குடுக்குறாங்களோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தப் பயணங்களை அழித்துவிடும்படி அவர் சொன்னார். அழித்தால் மையவாடி காலி நிலமாகி, சாலை அதன் நடுவே போகும். ரிஃபாத் அழிக்க மறுத்தார்.

சம்பவத்தன்று நான் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பியபோது எதிரி என் இருக்கையில் உட்கார்ந்து, என் சுழியத்தை எடுத்துவிட்டு ஓர் எண்ணைப் போட்டிருந்தார். கணினி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சாலை மையவாடியைச் சுற்றிக்கொண்டு, மூடிக்கிடக்கும் நூற்பாலை வழியாகப் போயிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என் வேலையில கை வைக்க நீங்க யாரு?" என்று கத்தினேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "மேடம் இன்ஸாஃப், என் பஸ்ல ஏறுறவன் ராத்திரி எங்கயாவது படுத்து எந்திரிக்கணும்ல?" என்றார். நான் நேரே போய் ஷௌகத் பேயிடம் சொன்னேன். அரசுத் தகவலைத் திருத்தியதாக அவர் புகார் கொடுத்ததில், எதிரி காவலில் வைக்கப்பட்டார்.

அதன்பின் வந்த வெள்ளிக்கிழமை என் தகப்பனார் அடங்கியிருக்கும் கபருக்கு ஓதப் போனேன். அது கிழக்கு மையவாடியில்தான் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேரின் முன்னோர் அங்கேதான் அடக்கம். ஒவ்வொரு பெருநாளும் ரொட்டி பங்கிட்டுவிட்டு, அங்கே குடியிருப்பவர்கள் கையால் தேநீர் குடித்துவிட்டு வருவோம். விடுமுறை முடிந்து அலுவலகம் வந்து சுழியம் என்று போடுவோம். இதில் எங்களில் ஒருவருக்கும் எதுவும் உறுத்தியதில்லை.

கபருக்குப் பக்கத்து அறையில், அதைப் பார்த்துக்கொள்ளும் உம்மு ஸாபிர் குடியிருக்கிறார். "வா மகளே, டீ போட்டுட்டேன், உக்காரு" என்றார். பிறகு, "ரோடு வருதாமே. உங்க அத்தா எலும்ப எடுத்து வேற இடத்துல வைப்பாங்களாம். எங்கள எங்க வைப்பாங்க? நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாமயா இருக்கும்?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து, கபர்களைச் சுற்றியுள்ள ஒவ்வொரு முற்றமாகப் போய், அங்கே குடியிருப்பவர்களை எண்ணிப் பார்த்தேன்.

எதிரி போட்ட எண் பொய்யா என்று அதிகாரி கேட்டதற்கு, பொய்தான் என்று சொன்னேன். அவர் பஸ் ஏறுகிறவர்களை மட்டுமே எண்ணியிருக்கிறார். வீட்டிலிருக்கும் கிழவிகளும் கைக்குழந்தைகளும் அதில் இல்லை. எண் குறைச்சல். இது கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாது என்று அதிகாரி சொன்ன பிறகும், நான் வற்புறுத்தியதால் எழுதப்பட்டது.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) இன்ஸாஃப் அப்துத்தவ்வாப்