மாமல்லபுரத்தில் ஒரு வாடகை சைக்கிள்

செங்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க வூட்டுக்காரர கேரியர்ல ஒக்கார வச்சி மாமல்லபுரத்தையே சுத்திக் காட்டினேன்" என்றாள் மூத்தவள்.

இளையவள் சட்டென்று திரும்பினாள். "இன்னாக்கா சொல்ற? நீ சைக்கிள் ஓட்டினியா?"

"புளியமரத்துலருந்து விழுந்த பிறகு அவரால ரொம்ப தூரம் நடக்க முடியாது. கூட வந்தவங்கல்லாம் கோயில் பாக்கக் கெளம்பினாங்க. இவரு மட்டும் வேன்லயே இருக்கேன்னாரு. எனக்கு மனசு கேக்கல. பக்கத்துலயே வாடகை சைக்கிள் கடை. போய் ஒண்ணு எடுத்தாந்துட்டேன்."

"ஓட்டி எத்தினி வருசமாச்சு?"

"பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினதுதான். மலை ரோட்டுல ஓட்டினவளுக்கு அந்த ரோடு இன்னா பெருசா?"

"அவரு ஏறிட்டாரா?"

"மொதல்ல வெக்கம். 'பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க, எறக்கி வுடு'ன்னாரு. நான் காதுலயே வாங்கல. கல்லு ரதத்தப் பாத்ததும் வெக்கமெல்லாம் போயிடுச்சி. அதுக்கப்பறம் கடற்கரைக் கோயிலுக்கு வழி கேட்டுச் சொன்னதே அவருதான்."

"அப்பறம்?"

"திரும்பக் கடைக்கு வந்தா, மனுசன் எறங்க மாட்டேங்கறாரு. இன்னொரு சுத்து போய்ட்டு வரலாம்ங்கறாரு."