கல்லறை மேட்டில் நின்ற சைக்கிள்

— இறங்காதீங்க. அந்தச் சைக்கிளை அப்படியே திருப்புங்க.

— என்ன ஃபுயுகோ அக்கா, விடுதி நடத்துறவங்களே விருந்தாளியை வாசல்லயே திருப்பி அனுப்பறீங்க? காலைல போனவ இப்பதான் வர்றேன். முட்டி ரெண்டும் கழண்டு தொங்குது. குளிக்க வெந்நீர் போட்டு வைக்கறேன்னீங்களே.

— வெந்நீர் இருக்கு. முதல்ல இதைச் சொல்லுங்க, கன்னாமிம்மா. நான் உங்களுக்குக் குடுத்தது நீல சைக்கிள். இது எங்க கெடைச்சுது?

— அதையேன் கேக்கறீங்க. பழைய சுரங்கப்பாதையைத் தாண்டினதும் நீலம் சங்கிலியை அறுத்துக்கிச்சு. தள்ளிக்கிட்டே கல்லறை மேடு வரைக்கும் வந்தேன். பார்த்தா அங்க இந்தக் கறுப்பு சைக்கிள், பூட்டுகூட இல்லாம நிக்குது. காத்தடிச்சு, எண்ணெய் போட்டு, துடைச்சு வச்சிருக்கு. நிஜமா சொல்றேன்க்கா, திருட்டு புத்தியில எடுக்கலை. ஊர்ல யாரோடதாவது இருக்கும், கீழ வந்து விசாரிச்சுக் குடுத்துடலாம்னு எடுத்தேன். நீலத்தை அங்கயே சாய்ச்சு வச்சிருக்கேன்.

— கூடையில பார்லி டீ பாட்டில் ஒண்ணு இருந்திருக்கும்.

— இருந்துது.

— இப்ப இல்லை.

— தாகம்க்கா. வேற வாங்கிக் குடுத்துடறேன்.

— கோயில் படையலை எடுத்துச் சாப்பிட்டிருந்தாக்கூட நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்.

— யாருக்கு வச்ச டீ அது?

— காலைல சாப்பிடும்போது ஒண்ணு கேட்டீங்க. இன்னைக்கு ஒபோன் பண்டிகையோட முதல் நாளாச்சே, எல்லார் வீட்லயும் வெள்ளரிக்காய்க்கு நாலு குச்சியைக் காலாக் குத்திக் குதிரை பண்ணி வச்சிருக்காங்க, செத்தவங்க ஏறி வீட்டுக்கு வர்றதுக்கு, உங்க வீட்ல மட்டும் காணோமேன்னு.

— கேட்டேன். நீங்க ஊறுகாய்த் தட்டை என் பக்கம் தள்ளினீங்க.

— எங்க வீட்டுக் குதிரை மேலதான் இப்ப உக்காந்திருக்கீங்க.

— ஐயோ. அக்கா, நான்...

— சரி விடுங்க. அழுதுடாதீங்க, சுவத்தைப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருங்க. என் பையன் சோகிச்சிக்கு வச்சது. அவனுக்குக் குதிரை ஆகாது. நீங்க போன பாதையில குதிரைத் தலை வச்ச கல்லெல்லாம் பார்த்திருப்பீங்க.

— பார்த்தேனே, அதுக்காகத்தானே இந்த ஊருக்கே வந்தேன். உப்பு மூட்டை சுமந்துக்கிட்டு வந்த குதிரைங்க பள்ளத்துல விழுந்து செத்த இடம். செத்த ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கல்லு நட்டிருக்காங்க. சில கல்லுல குதிரை பேருகூட இருக்கு.

— அவங்கப்பா அந்தக் கதையைச் சொல்லி வச்சிட்டாரு, சுரங்கத்துக்குள்ள ராத்திரியில கனைக்கும்னு வேற சேர்த்து. அதுலேருந்து படத்துல குதிரை வந்தாக்கூட என் முதுகுக்குப் பின்னால போயிடுவான். அவனைப் போய், அந்தப் பாதையில, குதிரை ஏறி வாடான்னா வருவானா? ஆனா சைக்கிள்னா உயிரு. அதனால வருஷா வருஷம் இதைக் கழுவி, எண்ணெய் போட்டு, முதல் நாள் காலைல கல்லறை மேட்டுல கொண்டுபோய் நிறுத்திடுவேன். சாயங்காலம் வாசல்ல சணல் குச்சியைக் கொளுத்தி வச்சு, வீடு இதுதான்னு காட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்.

— வந்திருக்காராக்கா? ஒரு வருஷமாவது?

— மறுநாள் காலைல மேல போய்ப் பார்ப்பேன். நிறுத்தின இடத்துலயே நிக்கும். சீட் மேல பனி விழுந்தது விழுந்தபடி இருக்கும். துடைச்சுட்டுத் தள்ளிக்கிட்டு வருவேன். முதல் வருஷங்கள்ல அழுதுக்கிட்டே. அப்புறம் அவனைத் திட்டிக்கிட்டே.

— அப்ப இன்னைக்கு...

— இன்னைக்கு அந்த வளைவுல மணி அடிச்சுது. எனக்குத் தெரியாத மணியா அது? எரிஞ்சுக்கிட்டிருந்த குச்சியை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன். செருப்பு எங்க கெடக்குன்னு தெரியலை. வந்து பார்த்தா தொப்பியும் காமிராவுமா நீங்க.

— என்னை ரெண்டு அறை அறைஞ்சிடுங்க அக்கா. மனசு லேசாகும்.

— விருந்தாளியை அறைஞ்சா விடுதிக்குக் கெட்ட பேரு. கெட்ட பேரு இனிமே வந்தா என்ன, வராட்டி என்ன? ஒபோன் முடிஞ்சதும் ஒசாகாலேருந்து பொண்ணு வண்டியோட வர்றா. வீட்டைப் பூட்டிட்டு அவகூடப் போறேன். நீங்கதான் கடைசி விருந்தாளி.

— சொல்லவே இல்லையே.

— சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கு ஒரே ஒரு பயம்தான். அடுத்த வருஷம் சைக்கிள் வைக்க இங்க யாரு இருப்பா? நான் போனதுக்கப்புறம் அவன் வந்து, பூட்டின கதவைத் தட்டிக்கிட்டு நின்னா? இந்த ஒரு தடவை அவனை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டா, கையோட ஒசாகாவுக்கும் கூட்டிட்டுப் போயிடுவேன். அவனை இங்க விட்டுட்டு எப்படிம்மா வண்டியில ஏறுவேன்?

— அவங்கப்பாகிட்ட சொன்னா வந்து வைக்க மாட்டாரா? இது அவரோட சைக்கிள் மாதிரி இருக்கே, நடுவுல கம்பியோட.

— அவரோடதுதான். நகோயால இன்னொரு குடும்பத்தோட சுகமா இருக்காரு. புது வருஷத்துக்கு போன் பண்ணி உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பாரு. சோகிச்சி பேரை எடுக்க மாட்டாரு.

— சரி. நீங்க முதல்ல சொன்னதுதான் சரி. நான் திரும்பி மேல போறேன். எடுத்த இடத்துலயே நிறுத்திட்டு நடந்து வர்றேன். இன்னும் வெளிச்சம் இருக்கு. சோகிச்சி அங்கயே நின்னு தேடிக்கிட்டிருப்பாரு, யாருடா என் சைக்கிளைத் தூக்கிட்டுப் போனதுன்னு.

— அந்த ஏத்தத்துல மறுபடியுமா? மூச்சு வாங்குதே உங்களுக்கு.

— பரவாயில்லை. ஆனா ஒண்ணுக்கா, நிஜமா சொல்றேன், இந்த சைக்கிள்ல பிரேக் எங்கயோ உரசுது. இறக்கத்துல மிதிச்சேன்னா நம்புவீங்களா? மேட்டுலேருந்து ஊர் வரைக்கும் இறக்கம்தான். நிறுத்தியிருந்த இடத்துலேருந்து வெளிய எடுக்கும்போது ஒத்தைக் கையால தூக்கி ஓடையைத் தாண்டினேன், அவ்வளவு லேசு. ஏறி உக்காந்து கிளம்பினதும் கனம். சுரைக்காய்க் கொடியெல்லாம் இருக்கே, அந்தத் திருப்பத்துல சைக்கிள் ரெண்டு பக்கமும் ஆடுது வேற. பயந்துக்கிட்டு மெதுவாத்தான் வந்தேன்.

— பிரேக்கை நேத்துதான் நானே சரி பண்ணேன். சக்கரம் காத்தா சுத்துச்சு.

— அப்ப எனக்குத்தான் வயசாகுது.

— கிளம்பறதுக்கு முன்னால அங்க என்ன பண்ணீங்க?

— என்ன பண்ணேன், வழக்கம்போல கல்லு பார்த்தேன். ஓரத்துல சின்னதா ஒரு ஜிசோ சிலை, குழந்தைங்களுக்குக் காவல் சாமி, கழுத்துல சிவப்புத் துணி கட்டி. பாசி புடிச்சு எழுத்து தெரியலை. கையால தடவிப் பார்த்தேன். குனிஞ்சு கும்பிட்டேன். அவ்வளவுதான்.

— ஏதாவது பேசினீங்களா?

— தனியா ஊர் சுத்தறவளாச்சே, வாய் சும்மா இருக்குமா? ஒவ்வொரு இடத்துலேருந்து கிளம்பும்போதும் வாய்விட்டுச் சொல்ற பழக்கம். 'சரி, ஏறு, கிளம்பலாம்'னு. எனக்கு நானே சொல்லிக்கறது.

— இன்னைக்கும் சொன்னீங்களா? அந்தக் கல்லுகிட்ட?

— சொல்லியிருப்பேன். ஆமா, சொன்னேன். அந்தத் தலை மேல கையை வச்சுக்கிட்டுதான் சொன்னேன். ஏன்க்கா? தப்பா?

— வழியில வேற எங்க நின்னீங்க?

— எல்லாக் கல்லுகிட்டயும்தான். எதையும் விட மனசு வராது எனக்கு. குதிரைக் கல்லுங்ககிட்ட மட்டும் நிக்கலை. போகும்போதே படம் எடுத்துட்டேன், ஆனா அதில்லை, என்னமோ அங்க நிக்கப் புடிக்கலை. வேகமா மிதிச்சுத் தாண்டிட்டேன். அக்கா, திட்டுங்க, தாங்கிக்கறேன். இதோ, இப்பவே திருப்பி மேல கொண்டுபோறேன்.

— வேண்டாம்.

— இன்னும் நேரம் இருக்குக்கா.

— வேண்டாம். தேவையில்லை. இத்தனை வருஷம் எனக்கு ஏன்தான் இது தோணலையோ. வெறும் சைக்கிளை வச்சுட்டு வந்து, வரலையே வரலையேன்னு அவனைத் திட்டியிருக்கேனே.

— அப்ப இறங்கட்டுமா? கால் மரத்துப் போச்சு.

— இறங்குங்க. ஆனா எப்பவும்போலக் காலைப் பின்னால வீசி இறங்காதீங்க. கஷ்டமா இருந்தாலும் கம்பிக்கு மேல தூக்கி, முன்பக்கமா இறங்குங்க. மெதுவா. நான் சைக்கிளைப் புடிச்சுக்கறேன்.

— ஏன்க்கா, பின்னால என்ன?

— சோகிச்சிக்கு அஞ்சு வயசும்மா. பெடல் எட்டாது அவனுக்கு. எப்பவும் கேரியர்லதான் உக்காந்து வருவான்.