இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு ஆள் குறையுது

ஹலோ… ஹலோ, ஈ-சேவை மையம்… ஆமா, ஜெமிதான் பேசுதேன். சொல்லுங்க, என்ன வேணும், வருமானச் சான்றா, பட்டா நகலா?

யாரு?… மந்திரமூர்த்தி சாரா? காலேஜ் மந்திரமூர்த்தி சாரா? ஐ.டி. டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி.?… ஓ. இது யாரு நம்பரு? உங்க நம்பரத்தான் நான் பிளாக் பண்ணி வச்சிருக்கேனே… ஆமா சார், நான்தான் பண்ணுனேன். ஏழு மாசமா என் போன எடுக்காத ஆளு நம்பரு எனக்கு எதுக்கு?

…நல்லா இருக்கேன். ஆதார்ல பேரு திருத்திக்கிட்டு, ரேஷன் கார்டுல விலாசம் மாத்திக்கிட்டு, முத்தையாபுரத்துல ஒரு ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கேன். எம்.எஸ்சி. ஐ.டி. படிச்சிட்டு. உங்க காலேஜுல மூணு வருசம் நெட்வொர்க்கிங்கும் வெப் டிசைனும் எடுத்துட்டு. ரொம்ப நல்லா இருக்கேன்.

…இல்ல சார், கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. விசயத்த சொல்லுங்க. ஆளு உக்காந்திருக்கு.

…

…ம்.

…ம், ம்.

…நாளைக்கா? நாளைக்கு யூனிவர்சிட்டி டீம் இன்ஸ்பெக்‌ஷனா? சரி, அதுக்கு?

…என்னது?

…திருப்பிச் சொல்லுங்க சார், இங்கன பிரிண்டர் சத்தம் போடுது… வந்து உக்காரணுமா? நானா? எதுக்கு?

ஓகோ. என் பேரு இன்னும் ஸ்டாப் லிஸ்ட்டுல இருக்கோ? மார்ச் மாசம் ராஜினாமா எழுதிக் குடுத்தேன். நீங்கதான் வாங்குனிய, உங்க கையாலதான் அதுல தேதி போட்டிய. அக்டோபர் மாசம் நான் அங்கன வேல பாக்கேன்னு லிஸ்ட்டு போவுது. வெளங்கிரும்.

…‘ஒரு நாளுதானம்மா’வா? போன தடவயும் ஒரு நாளுதான்னு லைப்ரரி ஜேசுபாதம் அண்ணாச்சிக்கு கோட்டு மாட்டி, வெப் டிசைன் ப்ரொபசர்னு உக்கார வச்சிய. டீம்ல ஒரு மேடம் ஏதோ கேட்கவும் மனுசன் வேர்த்து வடிஞ்சி, புக்கு எந்த ரேக்குல இருக்குன்னு பதில் சொன்னாவ. அன்னைக்கு நான் சிரிச்சேன். இன்னைக்கு எனக்கே அந்தக் கோட்டா?

ஒரு நிமிசம் லைன்ல இருங்க… அண்ணாச்சி, உங்க ஆதாருக்கு போன்ல ஒரு ஓ.டி.பி. வரும், ஆறு நம்பரு. வந்ததும் சொல்லுங்க. இல்ல இல்ல, அது லோன்காரன் மெசேஜ், அத விடுங்க… ஹலோ. சொல்லுங்க சார்.

…முடியாது.

…முடியாதுன்னா முடியாது. இதுல என்ன யோசிக்க இருக்கு? என் சர்டிபிகேட்ட தாங்கன்னு நான் நடந்த நட உங்களுக்குத் தெரியாதா? பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி, எம்.எஸ்சி., அம்புட்டும் ஒரிஜினல். சேர்ந்த அன்னைக்கு யாரு வாங்கி வச்சது? நீங்கதான். சும்மா ஒரு பார்மாலிட்டிம்மா, அடுத்த வாரம் வாங்கிக்கிடலாம்னு யாரு சொன்னது? அன்னைக்கு ஞானஸ்நான சர்டிபிகேட்டையும் கேட்டிருந்தா அதையும் குடுத்திருப்பேன், அம்புட்டு கூறுகெட்டவளா இருந்திருக்கேன்.

…கரஸ்பாண்டென்ட் ரூல்ஸா? என்ன ரூல்ஸ்? எனக்குப் பதிலா நானே ஒரு ஆளைப் பிடிச்சி விட்டாத்தான் ஃபைல தருவேன்னு சொல்லுததுதான் ரூல்ஸா? நான் மாட்டிக்கிட்டது பத்தாதுன்னு இன்னொரு பிள்ளைய கூட்டிட்டு வந்து மாட்டி விடணுமாக்கும். ஏற்கனவே அட்மிஷன் சேர்த்து விடுன்னு நீங்க வெரட்டுன வெரட்டுல எங்க தெருவுலயே நாலு பிள்ளையள கூட்டிட்டு வந்து விட்டேன். அந்தப் பாவம் போதும்.

…என்ன பாவமா? சுஜிதாவ ஞாபகம் இருக்கா? அந்த நாலுல ஒருத்தி, ரெண்டாவது பெஞ்சு, கண்ணாடி போட்டிருப்பா. ஹார்பர்ல ஒரு கண்டெய்னர் ஆபீசுல நெட்வொர்க் வேலைக்கு இன்டர்வியூ போனா. ஒரு கேபிளக் கையில குடுத்து முனையில கிளிப்ப மாட்டுன்னு சொல்லியிருக்காவ. அந்தப் பிள்ளைக்கி எத வெட்டணும் எத விடணும்னு தெரியல. மூணு வருசம் படிச்சிட்டு ஒரு கேபிள தொட்டதில்ல. நம்ம லேப்ல ஒரு சர்வர் ரேக்கு நிக்கும், லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியும், பின்னால போயி பாத்தா ஒரு வயரும் எங்கயும் போவாது. வெப் டிசைனுக்கு போர்டுல கோடிங்க எழுதிப் போடுங்க, பிள்ளைய நோட்டுல காப்பி எடுக்கட்டும்னு சொன்னது நீங்க. அவ அம்மா இப்ப என்னைய கோயில்ல பாத்தா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போவுதாவ. எனக்கு அது எப்பிடி இருக்கும்னு நெனச்சிப் பாத்தியளா?

…அதுக்கு நான் என்ன செய்யன்னு கேக்கிய. சரிதான்.

…சத்தம் போடல சார். இதான் என் சத்தம்.

கேளுங்க. இப்ப எனக்குக் கொச்சியில ஒரு கம்பெனியில வேல கெடச்சிருக்கு. நெட்வொர்க் சப்போர்ட். மூணு ரவுண்டு இன்டர்வியூ, நானா படிச்சி நானா பாஸ் பண்ணுனேன். திங்கக்கெழம காலையில ஒரிஜினலோட வந்து நிக்கணும். நிக்கலன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாவ. ஆகஸ்ட்டுல மெட்ராஸ் வேல இப்பிடித்தான் போச்சி. ஆபீஸ் வாசல்ல நின்னு, ஜெராக்ஸ் வச்சிருக்கேன் சார்னு சொன்னேன். அந்த ஆளு சிரிச்சான். எனக்கு இருவத்தெட்டு வயசு ஆவுது. இன்னும் எத்தன எடத்துல ஜெராக்ஸக் காட்டிக்கிட்டு நிக்க?

…போலீசா? போனேனே. சிவில் மேட்டருன்னு அனுப்பிட்டாவ. யூனிவர்சிட்டிக்கு ரெண்டு லெட்டரு போட்டேன், பதிலு இல்ல. உங்க வீட்டுக்கும் வந்தேன். நீங்க உள்ள இருந்துக்கிட்டே, சார் இல்லன்னு சொல்லச் சொன்னிய. உங்க செருப்பு வாசல்லதான் கெடந்துச்சி சார்.

…

…லைன்லயே இருங்க.

…அண்ணாச்சி, வந்துட்டா? சொல்லுங்க… நாலு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு, எட்டு… கடைசி நம்பரு? மூணு. சரி, உக்காருங்க, சர்வரு சுத்துது.

…என்ன சொன்னிய? உக்காந்தா தாரேன்னு சொல்லச் சொன்னாரா? யாரு, கரஸ்பாண்டென்டா? எப்ப தாராராம்?… டீம் போனப்பொறவு. போனப்பொறவு தருவாராம். இத எந்தக் கோட்டிக்காரிட்டயாச்சும் போயி சொல்லுங்க. சோலி முடிஞ்சா நீங்க என் போன எடுப்பியளா? மறுபடி சார் இல்லன்னுதான் வரும்.

…சத்தியமெல்லாம் பண்ணாதிய சார். நல்லா இருக்காது.

நீங்க அவருக்குக் கையாளு. அம்புட்டுதான். அவரு மெரட்டணும்னு நெனச்சா நீங்க வந்து மெரட்டுவிய, அவரு கெஞ்சணும்னு நெனச்சா நீங்க வந்து கெஞ்சுவிய. உங்களுக்கு என்ன போச்சி? உங்க வேல நிக்கும். மாட்டுனது நாங்கதான.

…என்ன?

…என்ன சொல்லுதிய?

…உங்க சர்டிபிகேட்டுமா அவருட்ட இருக்கு?

…பொய்யி சொல்லாதிய.

…எத்தன வருசம்? பதினாலு வருசமாவா? ஹெச்.ஓ.டி.க்குமா? எம்.ஃபில். சர்டிபிகேட்டு எல்லாமுமா?

…ஓமனுக்கா? எப்ப?… வேல கெடச்சி, விசா அடிக்கச் சர்டிபிகேட்டு கேட்டு, இந்த ஆளு தரல… ம்.

…

இதக் கேட்டு நான் பாவப்படணுமாக்கும். எனக்குப் பாவம் வரல சார். கோவந்தான் கூட வருது. உங்களுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டே சிரிச்ச மூஞ்சியோட எங்கிட்ட கைய நீட்டி வாங்குனிய. எனக்கு முன்னால எத்தன பேருட்ட வாங்குனிய? ஒருத்தருட்டயாச்சும், குடுக்காத தாயின்னு காதோட சொல்லியிருக்கலாம்லா?

…பயம். எல்லாருக்குந்தான் பயம்.

…சரி சரி, தண்ணி குடிங்க.

…ம். சொல்லுங்க, சும்மாதான் கேக்கேன். வர்றேன்னு சொல்லல… எத்தன மணிக்கு? ஒம்பதர. பச்ச பார்டரு சேல, ஐ.டி. கார்டு. நெட்வொர்க்கிங் லேப் இன்சார்ஜுன்னு சொல்லணும். சரி. பொறவு?… பொறவு கான்பரன்ஸ் ஹாலுல டீம் உக்காந்திருக்கும். ஒவ்வொருத்தரா கூப்பிடுவாவ. ஆளையும் பாத்து, ஒரிஜினலையும் பாத்து, டிக் அடிப்பாவ…

…இருங்க.

…இருங்க சார், அத திருப்பிச் சொல்லுங்க. ஒரிஜினல யாரு டீமுகிட்ட காட்டுதது? நானா? என் கையிலயா?… ஆமா, போன தடவயும் அப்பிடித்தான். ஆபீஸ் கிருபை ஹால் வாசல்ல பெட்டிய வச்சிக்கிட்டு நிப்பா. உள்ள போவும்போது ஃபைல கையில தருவா, வெளிய வரும்போது திருப்பி வாங்கிக்கிடுவா. அஞ்சி நிமிசம். அந்த அஞ்சி நிமிசம் அது என் கையிலதான இருந்துச்சி.

…

சார், நான் வாரேன்.

…ஆமா, வாரேன். நெசமாத்தான். பச்ச பார்டரு சேல இருக்கு. ஒம்பதரைக்கு அங்கன நிப்பேன்.

…தேங்க்ஸு சொல்லாதிய, முழுசாக் கேளுங்க. என் பேரக் கூப்பிடுவாவ. ஃபைல வாங்கிட்டு உள்ள போவேன். உக்கார மாட்டேன். நான் மார்ச் மாசமே வேலைய விட்டவ, என் சர்டிபிகேட்டுக்காக வந்தேன், வாங்கிட்டேன், வாரேன்னு டீமப் பாத்து சொல்லிட்டு அப்பிடியே எந்த வாசல் தெறந்திருக்கோ அது வழியா எறங்கிப் போயிருவேன். டீமு முன்னால வச்சி யாரு என் கையப் பிடிச்சி இழுப்பான்னு பாக்கேன்.

…கோர்ஸுக்கு அனுமதி போயிரும்னா போவட்டும். அங்கன கோர்ஸா நடக்கு?

…போயிச் சொல்லுங்க. கரஸ்பாண்டென்ட்ட இப்பவே போயிச் சொல்லுங்க, ஜெமி இப்பிடிப் பேசுதான்னு. சொன்னா நான் வர மாட்டேன். ஆளு கொறையும், கொறஞ்சதுக்கு அவரு உங்களத்தான் கேப்பாரு. சொல்லலன்னா நான் வருவேன். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க.

…

…அழுவாதிய சார். நான் ஒண்ணு கேக்கேன், பதிலு சொல்லுங்க. இந்தப் பதினாலு வருசத்துல எத்தன இன்ஸ்பெக்‌ஷன் வந்திருக்கு?… தோராயமா சொல்லுங்க… எட்டா? ஒவ்வொரு தடவையும் உங்கள உள்ள கூப்பிட்டாவளா? ஃபைல கையில குடுத்தாவளா?

அப்ப எட்டுத் தடவ உங்க கைக்கு வந்திருக்கு. எட்டுத் தடவையும் நீங்களே திருப்பிக் குடுத்திருக்கிய.

…

…நானும் ஒரு தடவ குடுத்தேன். கிருபை கைய நீட்டுனா, குடுத்துட்டு வந்து டீ குடிச்சேன். ஏன் குடுத்தேன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல. அதான் கேக்கேன்.

…அம்பத்தோரு வயசா? ஆனா என்ன? அம்பத்தோரு வயசுல ஒரு மனுசன் சொந்த டிகிரிய வீட்டுக்குக் கொண்டு போனா ஊரு சிரிக்கவா போவுது? வேலைக்குப் போவேண்டாம். பீரோவுல வச்சிப் பூட்டுங்க. அது உங்க பீரோவா இருக்கட்டும்.

…இல்ல, உங்கள நான் மன்னிக்கல. அத வேற இதோட சேர்க்காதிய. திங்கக்கெழம கொச்சியில நான் உக்காந்தப்பொறவு அதப் பத்தி யோசிக்கேன்.

…ம். ஹெச்.ஓ.டி.யத்தான் மொதல்ல கூப்பிடுவாவ. உங்களுக்கு அடுத்துதான் நானு. நீங்க வெளிய வரும்போது கிருபை கைய நீட்டுவா. நான் அங்கனதான் நிப்பேன். என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன்.

…

…சார்? லைன்ல இருக்கியளா?

…ம். என்ன?

…வாட்ச்மேனா? இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு பத்து மணிக்கு கேட்டப் பூட்டிருவானா? ஆளு போவ சின்னக் கேட்டு தெறந்திருக்கும்லா… வண்டிதான் வெளிய வராதாக்கும். உங்க வண்டி எங்கன நிக்கும்?… உள்ளயா?

அப்ப நாளைக்கு அத உள்ள கொண்டு போவாதிய சார். ரோட்டுலயே நிறுத்துங்க. மெயின் ரோட்டப் பாக்கத் திருப்பி நிறுத்துங்க.

வைக்கேன்.