வெட்டுத்துணிக் கூடை

அம்மா: முதல்ல ஊசியில நூலைக் கோத்துக் கொடு. கதை அப்புறம்.

சின்னவள்: கோத்துக்கிட்டேதான் கேக்குறேன். சொல்லு. நான் கூடைக்குள்ள படுத்திருப்பேன்...

அம்மா: எத்தனை வாட்டிடி இதையே கேப்பே? சலிக்கவே சலிக்காதா உனக்கு?

சின்னவள்: சலிக்காது. வந்து உக்காந்ததும் யூனிஃபார்ம் சட்டையைத் தூக்கி மடியில போட்டுட்டே. அத்தனைக்கும் பட்டன் தைக்கணும். கதையாவது சொல்லேன்.

அம்மா: பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கு. என் கண்ணாடியோட காலும் உடைஞ்சு போச்சு. ஊசி காது தெரியாம நான் தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன். புதுக் கண்ணாடி கொண்டு வர்றேன்னியே, எங்க?

சின்னவள்: பையில இருக்கு. கதை முடியட்டும், தர்றேன்.

அம்மா: கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறவளைப் பெத்துட்டு, கண்ணு தெரியாம கெஞ்ச வேண்டியிருக்கு பாரு.

சின்னவள்: கெஞ்சு, கெஞ்சு. கூடை...

அம்மா: ...வெட்டுத்துணி போடுற கூடைதான் உனக்குத் தொட்டில். அடியில மெத்துமெத்துன்னு துணி. மெஷினுக்குப் பக்கத்துலயே வச்சிருப்பேன். நான் மிதிச்சா மெஷின் ஓடும். மெஷின் ஓடினா நீ சிரிப்பே.

சின்னவள்: சத்தமாவா?

அம்மா: சத்தமே வராது. முகம் பூரா சிரிப்பு. கண்ணு ரெண்டும் காணாமப் போயிடும்.

சின்னவள்: மெஷினை நிறுத்திட்டா?

அம்மா: நிறுத்திட்டா... உனக்குத் தலை நிக்கவே ரொம்ப நாளாச்சு. கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்ப்பே. ஏன் நிறுத்தினேன்னு கேக்குற மாதிரி இருக்கும். அதுக்காகவே சும்மா, துணி வைக்காம மிதிச்சிருக்கேன்.

சின்னவள்: அழவே மாட்டேனா?

அம்மா: நீயா? நீ அழுததை விரல் விட்டு எண்ணிடலாம். பஞ்சு மாதிரி இருப்பே. தூக்கினா அப்படியே தோள்ல வழிஞ்சு ஒட்டிக்குவே.

சின்னவள்: அத்தை வேற மாதிரி சொன்னாங்க. நான் கத்துற கத்துல தெருவே எட்டிப் பார்க்குமாம். பத்து மாசத்துலயே ஓட ஆரம்பிச்சுட்டேனாம்.

அம்மா: உங்க அத்தைக்கு என்ன... யாரு வீட்டுப் புள்ளையையோ நினைச்சுக்கிட்டு உளறியிருப்பா.

சின்னவள்: நீ என்னடான்னா ஒண்ணேகால் வயசுலகூட நான் உக்கார மாட்டேன்னு சொல்றே.

அம்மா: பட்டனைப் பாரு. நாலு ஓட்டையிலயும் நூல் போகணும். ரெண்டு ஓட்டையோட விட்டுட்டே. பசங்க முதல் நாளே பிச்சுட்டு வந்து நிக்கும்.

சின்னவள்: பேச்சை மாத்து. நல்லா மாத்து.

அம்மா: நான் என்ன மாத்தினேன்?

சின்னவள்: சரி, அப்பா கதை சொல்லு. மண்ணெண்ணெய்க் கதை.

அம்மா: அது ஒரு கதையா? பிரஸ்ல இருந்து வருவார், கை பூரா மை. அப்படியே தூக்க விட மாட்டேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு, சோப்புப் போட்டு, மோந்து பார்த்து, மறுபடியும் சோப்புப் போட்டு... அதுக்குள்ள நீ தூங்கிப் போயிடுவே. கழுவின கையை மடியில வச்சுக்கிட்டு, கூடை பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பார். பாவம் அவர்.

சின்னவள்: அப்பா மட்டும்தான் என்னைச் சின்னவள்னு கூப்பிடுவார்.

அம்மா: ஆமா.

சின்னவள்: ஒத்தைப் பொண்ணு எப்படிம்மா சின்னவ ஆவா?

அம்மா: செல்லமாக் கூப்பிட்டா, அதுக்கெல்லாமா விளக்கம் கேப்பாங்க... ஏண்டி, முகமெல்லாம் வெளுத்திருக்கு. காலையில வாந்தி எடுத்தியா?

சின்னவள்: இல்ல.

அம்மா: டீ போடட்டா?

சின்னவள்: வேண்டாம். உக்காரு. ...அம்மா, ரிசல்ட் வந்துடுச்சு.

அம்மா: என்ன ரிசல்ட்?

சின்னவள்: பன்னெண்டாவது வாரம்னு ஸ்கேன் எடுத்து, ரத்தமும் எடுத்தாங்கல்ல. அது.

அம்மா: வந்து ஒரு மணி நேரமாச்சுடி. இப்பச் சொல்றே?

சின்னவள்: ஒரு பத்து சட்டை முடிச்சுட்டுச் சொல்லலாம்னு... சொல்ல வாய் வரலம்மா.

அம்மா: என்ன வந்திருக்கு? சொல்லு.

சின்னவள்: எண்பதுல ஒண்ணு.

அம்மா: எது எண்பதுல ஒண்ணு?

சின்னவள்: குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கறதுக்கு. ஸ்கேன்ல கழுத்துக்குப் பின்னாடி நீர் கொஞ்சம் அதிகமாத் தெரியுதாம். அப்படி இருந்தா வளர்ச்சி மெதுவா இருக்கும், உடம்பு துவண்டு இருக்கும், சில பேருக்கு இதயத்துல...

அம்மா: தெரியும்.

சின்னவள்: எப்படித் தெரியும்?

அம்மா: ...டிவியில பார்த்திருக்கேன்.

சின்னவள்: ஓ.

அம்மா: எண்பதுல ஒண்ணுதானே. நான் எண்பது சட்டை தைச்சா எழுபத்தொம்பது ஒழுங்காத்தானே வருது.

சின்னவள்: மிச்சம் ஒண்ணு?

அம்மா: ...சட்டைன்னா பிரிச்சுத் தைச்சுடலாம்.

சின்னவள்: ம்.

அம்மா: மாப்பிள்ளை என்ன சொல்றார்?

சின்னவள்: சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழறார். தண்ணி சத்தத்துல எனக்குக் கேக்காதாம். டேங்க்கே காலி.

அம்மா: சிரிக்காதடி. கல்யாணம் ஆகி ஏழு வருஷம் கழிச்சு உண்டாகியிருக்கே.

சின்னவள்: அழக் கூடாதுன்னுதான்மா சிரிக்கிறேன்.

அம்மா: இதுதான் முடிவா?

சின்னவள்: இல்ல. இது சந்தேகம்தான். வயித்துல ஊசி போட்டு, நஞ்சுக்கொடியில இருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தாதான் நிச்சயமாத் தெரியும். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் என்ன செய்யறதுன்னு எங்களைத்தான் முடிவு பண்ணச் சொல்வாங்க.

அம்மா: வயித்துலயா? ஊசியாலயே ஏதாவது ஆயிட்டா?

சின்னவள்: ஆகலாம். நூத்துல ஒருத்தருக்கும் கம்மிதான்னு சொன்னாங்க.

அம்மா: எல்லாத்துக்கும் ஒரு கணக்கு. மனுஷி வயித்துல இருக்கறதுக்கு இவங்க எப்படித்தான் கணக்குப் போடுறாங்களோ?

சின்னவள்: ஸ்கேனைப் பார்த்து, ரத்தத்தைப் பார்த்து. அப்புறம் அம்மாவோட வயசையும் சேர்த்துப்பாங்க. வயசு கூடினா எண்ணும் மோசமாகும்.

அம்மா: ...வயசையா?

சின்னவள்: ஆமா.

அம்மா: நீ எந்த வயசைக் கொடுத்தே?

சின்னவள்: எனக்கு எத்தனை வயசோ, அதை.

அம்மா: முப்பத்தேழுன்னு கொடுத்தியா?

சின்னவள்: ஏம்மா? ஏன் ஊசியைக் கீழ வச்சுட்டே?

அம்மா: இரு... வயசு குறைஞ்சா அந்த எண் நல்லதாகுமா?

சின்னவள்: கொஞ்சம் ஆகும்.

அம்மா: ரெண்டரை வருஷம் குறைஞ்சா?

சின்னவள்: எப்படிம்மா குறையும்?

அம்மா: உன் வயசு தப்புடி. அந்த... ஹெட்மாஸ்டர் தப்பா எழுதிட்டார். அந்தக் காலத்துல அவங்களா ஒரு தேதியைப் போட்டுடுவாங்க.

சின்னவள்: தேதி பள்ளிக்கூடத்துச் சர்டிபிகேட்ல மட்டும் இல்லம்மா. பொறப்புச் சர்டிபிகேட்லயே இருக்கு. அதை ஹெட்மாஸ்டரா எழுதினார்? ஒண்ணாம் கிளாஸ்ல நான்தான் குள்ளம். பெஞ்சுல உக்காந்தா கால் தரைக்கு எட்டாது. வீட்ல ஒரு வருஷம்கூடப் பொறந்தநாள் கொண்டாடினது இல்ல. கேட்டா, யூனிஃபார்ம் சீசன், நேரமில்லைன்னு சொல்வே.

அம்மா: நேரமில்லதான்.

சின்னவள்: என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கியா நீ? ஏ பொண்ணு, ஏண்டி, வாடி, போடி. ஒரு தடவையாவது?

அம்மா: கூப்பிட வரல எனக்கு. உங்கப்பாகிட்ட எவ்வளவோ சொன்னேன், வேற பேர் வைக்கலாம்னு. கேக்கல அவர்.

சின்னவள்: வேற பேர்னா? இந்தப் பேர் யாரோடது?

அம்மா: நூலைக் கொடு.

சின்னவள்: அம்மா.

அம்மா: கொடுடி. கையில ஏதாவது இருந்தாத்தான் எனக்குப் பேச வரும்.

சின்னவள்: இந்தா.

அம்மா: ...உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. அந்தச் சர்டிபிகேட் அவளோடது. பேரும் அவளோடது. ஒரு வருஷம், நாலு மாசம் இருந்தா. அவ போனதை உங்கப்பா எங்கயும் போய்ப் பதியல. எழுதிட்டா அவ இல்லைன்னு ஆயிடும்னார். அப்புறம் நீ பொறந்தே. வீட்லயே பொறந்தே. உன்னையும் பதியல. அதே பேரைக் காதுல சொன்னார். உனக்கு நாலு வயசு ஆனதும் பள்ளிக்கூடத்துல சர்டிபிகேட் கேட்டாங்க. வீட்ல ஒண்ணுதான் இருந்துச்சு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டார். திட்டு. என்ன வேணா திட்டு. ஆனா முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் வயசை மாத்தச் சொல்லு. உனக்கு முப்பத்தஞ்சுதான்.

சின்னவள்: அவளுக்கு என்னம்மா ஆச்சு?

அம்மா: காய்ச்சல்.

சின்னவள்: அம்மா...

அம்மா: டாக்டர் உன்கிட்ட, குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சான்னு கேட்டாங்களா?

சின்னவள்: கேட்டாங்க.

அம்மா: என்ன சொன்னே?

சின்னவள்: எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்.

அம்மா: அப்ப... அதோட விட்டுடலாமா? வயசை மட்டும் சொல்லு. மத்தது எதுக்கு?

சின்னவள்: மத்ததுன்னா?

அம்மா: ஒண்ணைச் சொன்னா எண் நல்லதாகும். இன்னொண்ணைச் சொன்னா கெட்டுப் போயிடுமோன்னு... ரெண்டும் ஒரே முடிச்சா இருக்குடி. ஒண்ணை மட்டும் அவுக்க வரல எனக்கு.

சின்னவள்: ரெண்டையும் அவுத்துடு. நான்தானே இருக்கேன்.

அம்மா: பொறந்தன்னிக்கே சொல்லிட்டாங்க. கண்ணைப் பாருங்க, கையில ரேகையைப் பாருங்க, இந்தக் குழந்தை இப்படித்தான் இருக்கும்னாங்க. இதயத்துல ஓட்டைன்னாங்க. எனக்கு ஒண்ணுமே வித்தியாசமாத் தெரியல. முதல் புள்ளை. எல்லாக் குழந்தையும் இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன். சமத்தா கூடையில கிடப்பா...

சின்னவள்: மெஷின் ஓடினா சிரிப்பா.

அம்மா: ...ஆமா.

சின்னவள்: நான் மெஷின் சத்தம் கேட்டாலே கத்துவேனாம். அத்தை சொன்னாங்க.

அம்மா: வீடே ரெண்டாகிடும். உன்னை வச்சுக்கிட்டு ஒரு பட்டன் காஜாகூட எடுக்க முடியாது. உன்னைக் கூடையில போட்டா அடுத்த நிமிஷம் வெளியில நிப்பே. உன்னைப் பத்தியும் எத்தனை கதை இருக்கு தெரியுமா... ஆனா நீ கேட்டா, வாய் தானா அவளைத்தான் சொல்லுது. அவளை வேற யாருகிட்டச் சொல்வேன்? பேசவே கூடாதுன்னு உங்கப்பா சத்தியம் வாங்கிக்கிட்டார். பேசினா ரெண்டு பேரும் உடைஞ்சு போயிடுவோம்னு அவருக்குப் பயம்.

சின்னவள்: அழாதம்மா. சட்டையெல்லாம் நனையுது.

அம்மா: என்கிட்ட இருந்துதான் வந்துச்சோன்னு இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. உன்னைச் சுமந்தப்போ பத்து மாசமும் தூங்கல. நீ முதல் தடவை கத்தினப்பதான் மூச்சு வந்துச்சு. இப்ப உன் வயித்துக்கும் நான்தான் கொடுத்துட்டேனா?

சின்னவள்: இல்லம்மா. பெரும்பாலும் அது யாருகிட்ட இருந்தும் வர்றது இல்லையாம். தானா நடக்கறதுதான். யார் தப்பும் இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு என் ரத்தத்தையும் தனியா அனுப்பியிருக்காங்க.

அம்மா: அதை எதுக்குத் தனியா அனுப்பினாங்க? அவங்ககிட்ட யாரு என்ன சொன்னா?

சின்னவள்: இந்தா. கண்ணாடி.

அம்மா: இப்பவா கண்ணாடி முக்கியம்?

சின்னவள்: நானே பவர் பார்த்துச் செஞ்சது. போடு. போட்டியா? இந்த ரிப்போர்ட்டைப் பிடி. மேல, ஓரத்துல பாரு. வயசு என்ன போட்டிருக்கு?

அம்மா: ...முப்பத்தஞ்சு.

சின்னவள்: ஆதார் கார்டுல வேற வயசு இருக்கேன்னு நர்ஸ் கேட்டாங்க. கார்டுதான் தப்பு, நான் சரின்னு சொன்னேன். கீழ வா. குடும்பத்துல யாருக்காவது?

அம்மா: அது இங்கிலீஷ்ல எழுதியிருக்கு.

சின்னவள்: நான் படிக்கிறேன். ஆம். உடன்பிறந்த அக்கா.

அம்மா: ...யாருடி சொன்னா உனக்கு?

சின்னவள்: அப்பா. எங்க கல்யாணத்தைப் பதிவு பண்ணப் போனப்போ. ஆபீஸ் வாசல்ல அந்தச் சர்டிபிகேட்டை என் கையில கொடுத்துட்டு, இது உங்க அக்காவோடது, பத்திரமா வச்சுக்கோன்னார். எல்லாத்தையும் சொன்னார். அம்மாகிட்டக் கேக்காதே, தாங்க மாட்டான்னார்.

அம்மா: ஏழு வருஷமாத் தெரியுமா உனக்கு? தெரிஞ்சுக்கிட்டேவா ஒவ்வொரு தடவையும் வந்து, நான் குழந்தையா இருந்தப்போ, குழந்தையா இருந்தப்போன்னு கேட்டே?

சின்னவள்: வேற எப்படிம்மா நீ அவளைப் பத்திப் பேசுவே?

அம்மா: ...அப்ப, எண்பதுல ஒண்ணு அப்படியேதானா? மாறாதா?

சின்னவள்: மாறாதும்மா.

அம்மா: இத்தனை வருஷம் கட்டி வச்சதைக் கொட்டிட்டேனே. ஒரு பிரயோஜனமும் இல்லையாடி?

சின்னவள்: இருக்கு. இனிமே நீன்னு சொல்லாதே, அவள்னு சொல்லு. வியாழக்கிழமை என்ன வந்தாலும், அதுக்கு முன்னாடி எனக்கு அவளைத் தெரியணும். முதல்ல இருந்து சொல்லு... மெஷினை நிறுத்திட்டா, அக்கா எப்படிப் பார்ப்பா?