முதல் பேஸ்கட் வரைக்கும்

— உக்காரு வெர்லின். இது சர்ச் மண்டபம். ரசிகர் மன்றச் சாப்பாடு. யாரும் இங்க பேஸ்கட் போடப் போறதில்ல.

— உக்காந்தா எந்திரிக்க முடியல டார்லிஸ், எந்திரிச்சா உக்கார முடியல. நின்னே தின்னுட்டுப் போறேன், உனக்கென்ன?

— எனக்கென்னவா? டாக்டர் இருபது நிமிஷத்துக்கு மேல நிக்காதன்னாரு. நீ அஞ்சு மேட்ச் முழுசா நின்னிருக்க. அதுல ஒண்ணு ஓவர்டைம் வேற. கர்த்தாவே, குதிரைகூட நடுவுல படுத்துக்கும்.

— குதிரைக்கு வார்த்தைன்னு ஒண்ணு கிடையாது. நமக்கு இருக்கு. நம்ம காலேஜ் பேஸ்கட்பால் டீமுக்குப் புதுசா வந்த பொண்ணுங்க ஆளுக்கு ஒரு பேஸ்கட் போடுற வரைக்கும் கேலரில நம்ம பன்னெண்டாம் பகுதி உக்காராது. சொன்னா சொன்னதுதான்.

— பன்னெண்டாம் பகுதியாம்! முந்நூறு பேரு இருந்த இடத்துல இப்ப நாப்பது பேரு. மிச்சமெல்லாம் நைசா எதிர்ப்பக்கம் போயி, உக்காந்து பாப்கார்ன் திங்குது. உன் தம்பி உள்பட.

— அவன் பேச்ச எடுக்காத.

— வருஷா வருஷம் முதல் மேட்ச்லயே முடியிற கூத்து இது. இந்தத் தடவையும் மூணு பேர்ல ரெண்டு பேரு பத்து நிமிஷத்துல போட்டாச்சு. இந்த நெப்ராஸ்காப் பொண்ணுதான், பந்து கைக்கு வந்தா சுட்ட மாதிரி அடுத்தவகிட்ட தள்ளிவிடுது.

— பயம். பதினெட்டு வயசு. தன்னால சரியாகும்.

— நெட்ல எழுதுறானுங்களே, பாத்தியா? ‘ஸ்காலர்ஷிப் தண்டம்’னு.

— எழுதுறவன் எவனும் நம்ம பகுதி ஆள் இல்ல. இந்தா, பேச்ச நிறுத்து. அந்தப் பொண்ணுதான் வருது. யாரு எந்த மேசைன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டதுல அவளுக்கு நம்ம மேசை விழுந்திருக்கு போல.

— யாரு, பிரெட்டாவா?

— ஆமா. என் இடுப்பப் பத்தி மூச்சு விட்ட, அவ்வளவுதான்.

— வணக்கமுங்க. ஒம்பதாம் மேசை இதுதானுங்களா?

— இதேதான், வாம்மா. நான் டார்லிஸ். இங்க கம்பம் மாதிரி நிக்கிறது என் வீட்டுக்காரர், வெர்லின் ஹாகன். என்ன தட்டுல ஒண்ணுமே காணோம்? ஹாம் எடுத்துக்க. அந்த உருளைக்கிழங்கு நான் செஞ்சது, தைரியமா சாப்பிடலாம்.

— சார எனக்கு முன்னாடியே தெரியுமுங்க. முதல் வரிசை, மஞ்சத் தொப்பி. கோர்ட்ல நான் எந்த மூலைக்கு ஓடினாலும் அந்தத் தொப்பி தெரியுமுங்க.

— கேட்டியா டார்லிஸ்! பிள்ள கவனிச்சிருக்கு! இந்தா பாரும்மா, உனக்கு ஒரு அவசரமும் இல்ல. மார்ச் வரைக்கும் வேணும்னாலும் நிப்போம்.

— அப்படிச் சொல்லாதீங்க சார்.

— ஏன், பாரமா இருக்கா?

— பாரமில்லீங்க. நல்லாருக்குதுங்க. அதுதான் வம்பு.

— புரியலயே.

— வெளிய சொல்லமாட்டீங்கல்ல? எனக்குப் போடத் தெரியுமுங்க. பிராக்டீஸ்ல நூறு போட்டா எழுபது உள்ள போகுமுங்க. மேட்ச்லதான் நான் போடறதில்ல.

— வேணும்னேவா?

— வேணும்னேதானுங்க.

— ஏம்மா, அஞ்சு மேட்ச் நான் இங்க—

— வெர்லின், வாய மூடு. பிள்ள பேசட்டும்.

— எங்க ஊர்ல எங்க மேட்சுக்கு ஏழு பேரு வருவாங்க. அதுல ரெண்டு பேரு கோர்ட் தொடைக்க வந்தவங்க. இங்க முதல் நாள் எறங்கறேன், ஒரு பக்கம் பூராவும் எந்திரிச்சு நிக்குதுங்க. என்கூடப் புதுசா வந்த ஜோலின் போட்டா, மார்னி போட்டா, அப்பவும் நிக்குது. எனக்காக. எனக்குக் காலே ஓடலீங்க.

— அப்ப போட்டுட வேண்டியதுதானே கண்ணு?

— ஜோலின் போட்டாளேங்க. முதல் மேட்ச்ல பதினாலு பாயிண்ட். எல்லாரும் கை தட்டுனாங்க. அடுத்த மேட்ச்ல, எதிர்ப்பக்கம் போயி உக்காந்தவங்க இருபது வேணும்னாங்க. ஆறுதான் வந்துச்சு. அன்னிக்கே நெட்ல எழுதறாங்க, ‘முதல்ல அவள வயித்தக் குறைக்கச் சொல்லுங்க’ன்னு. பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டு அழுதா. நான்தானுங்க அவ ரூம்மேட். கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்.

— கர்த்தாவே.

— இப்ப உங்களுக்கெல்லாம் எங்கிட்ட வேண்டியது ஒரே ஒரு பேஸ்கட். அதப் போட்டுட்டா இருபது வேணும்பீங்க, அப்பறம் கப்பு வேணும்பீங்க. நிக்கிற வரைக்கும் எல்லாரும் நல்லவங்கதான் சார். உக்காந்தாத்தான் வாய் தொறக்குது.

— நம்ம பகுதி ஆளுங்க அப்படியெல்லாம் எழுத மாட்டாங்கம்மா.

— எழுதுனது உன் தம்பி, வெர்லின்.

— என்னது?

— வயித்தக் குறைன்னு எழுதுனது. வேற பேர்ல எழுதுறான். ஆனா பக்கத்துல போட்டிருக்கிற படம் நம்ம நாயி. எனக்கு நம்ம நாயத் தெரியாதா? உங்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன்.

— அவன... அவன் எங்க உக்காந்திருக்கான்? மூணாவது மேசையா?

— நில்லு நில்லு. அவன வீட்டுக்குப் போயி வச்சுக்கலாம். நீ சொல்லு பிரெட்டா, கோச்சுக்கு இது தெரியுமா?

— கண்டுபிடிச்சுட்டாங்கம்மா. மறிக்க ஆளே இல்லாத இடத்துல நின்னுக்கிட்டு பாஸ் குடுத்தா தெரியாமப் போகுங்களா? வியாழக்கிழமை மேட்ச்ல போடலேன்னா இந்த வருஷம் பூரா பெஞ்சுதான்னு சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்.

— சரின்னியா? பெஞ்ச தேய்க்கவா நெப்ராஸ்காவுல இருந்து வந்த?

— பெஞ்சுல இருந்தாலும் சார் நிப்பாருங்கல்ல. மார்ச் வரைக்கும்.

— நிப்பேன். சொன்னா சொன்னதுதான்.

— நிக்கமாட்டாரு.

— டார்லிஸ்!

— நீ சும்மா இரு. போதும் மறைச்சது. இவருக்கு இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சும்மா. புதன்கிழமை ஆபரேஷன். உனக்காக நிக்கணும்னு ஏற்கனவே ரெண்டு தடவ தள்ளிப்போட்டாரு, இப்ப மூணாவது தடவையும் தள்ளச் சொல்றாரு. தள்ளுனா ஏப்ரல்தான். அதுக்குள்ள நடையே நின்னுபோகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னிக்கு சர்ச்சுக்கு வர இவருக்கு சாக்ஸ் மாட்டிவிட்டது நான்.

— எனக்காகவா சார் தள்ளுனீங்க?

— உனக்காகன்னு இல்லம்மா. வாய் விட்டுச் சொல்லிட்டேன். பத்தொம்பது வருஷமா சொன்னத இந்த வருஷம் மட்டும் முடியலன்னா எப்படி?

— புதன்கிழமை போயி ஆபரேஷன் பண்ணிக்குங்க. வியாழக்கிழமை நான் போடறேன்.

— பரிதாபப்பட்டுப் போடுற பேஸ்கட் எனக்கு வேணாம்.

— பரிதாபமில்லீங்க, வெக்கம். நடக்க முடியாத மனுஷன் ஆட்டத்தோட நாலு குவார்ட்டரும் நிக்கிறாரு. நல்ல கைய வச்சுக்கிட்டு நான் போடாம இருந்திருக்கேன். வியாழக்கிழமை முதல் பந்து கைக்கு வந்ததும் மேல போகும். விழலேன்னா ரெண்டாவதும் போகும். பத்துப் பந்து போனாலும் சரிங்க.

— அதுக்கப்பறம் இருபது கேப்பாங்களே கண்ணு? திட்டுவாங்களே?

— திட்டட்டுமுங்க. ஜோலின் ஒருத்தியே வாங்கிக்கிட்டு இருக்கா. இனிமே ரெண்டு பேரா வாங்கிக்கறோம்.

— அடேயப்பா. இவளல்லவா ஆட்டக்காரி! ஆனா புதன்கிழமை முடியாது.

— ஏன் முடியாது, கெழட்டுப் பிடிவாதமே?

— யோசிச்சுப் பாரு டார்லிஸ். நான் ஆஸ்பத்திரில கெடந்தா முதல் வரிசைல யாரு? நான் நிக்கிறதப் பாத்துத்தான் மத்த நாப்பது பேரும் நிக்கிறான். எல்லாம் உக்காந்துடுவான். பிள்ள போடுற அன்னிக்கு ஒருத்தனாவது நிக்க வேணாமா?

— நான் நிக்கிறேன்.

— நீயா? எங்களக் கிறுக்குக் கூட்டம்னவ நீ. எம் பின்னாடி உக்காந்து ஸ்வெட்டர் பின்னுனதத் தவிர என்ன பண்ணிருக்க?

— கிறுக்குதான், இல்லேங்கல. இருந்தாலும் நிக்கிறேன்.

— நெசமாவா? சரி, அப்ப ஒண்ணு பண்ணு. பிள்ள பேஸ்கட் போட்டதும் எனக்கு போன் போட்டுச் சொல்லு. சொல்லிட்டு உக்காந்துக்க.

— உக்கார யாரு போறா? அவ போட்டதுக்கப்பறமும் நிப்பேன்.