பொறுங்க அக்காவின் நாற்பது நாள் படங்கள்

மேடையில் வீற்றிருக்கும் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, ஆய்வகத் தோழர்களே, மாணவர்களே! அக்காவுக்கு அடுத்த மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். இன்று அவருடைய நினைவுக் கூட்டத்தில் பேச வந்திருக்கிறேன்.

வெளியுலகுக்கு அவர் பேராசிரியர். எங்கள் ஆய்வகத்துக்கு அவர் 'பொறுங்க அக்கா'. யாராவது நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, புதுப் பூஞ்சை கிடைத்துவிட்டது என்று குதித்தால், அக்கா இருந்த இடத்தை விட்டு நகராமலே "பொறுங்க" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை முறை பல்லைக் கடித்திருப்போம்!

உதிர்ந்த இலையிலும் மக்கிய குச்சியிலும் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் பூஞ்சைகளில் முப்பத்தெட்டைப் புதிதாக உலகுக்குக் காட்டியவர் யார்? இந்த அம்மையார்! ஈரத்தாள் விரித்த டப்பாவில் இலையைப் போட்டு, நாள்தோறும் திறந்து பார்த்து, முளைத்ததை வரைந்து, அதன் தூள் போன்ற வித்துகளை அளந்து, பழைய நூல்களில் உள்ள ஒவ்வொன்றோடும் ஒப்பிட்ட பிறகே பெயர் வைத்தவர் யார்? இந்த அம்மையார்! அதனால் அவர் வீட்டில் சாப்பாட்டு டப்பா ஒன்றுகூடத் தங்கியதில்லை. ஒருநாள் அவர் கணவர், நம் ஐயா, அலுவலகத்தில் பசியோடு டப்பாவைத் திறந்தால், உள்ளே கறுத்துப்போன இலை! உடனே தொலைபேசியில் அழைத்தார். அக்கா கேட்ட முதல் கேள்வி, மூடியைத் திறந்தபடியே விட்டுவிடவில்லையே என்பதுதான். ஐயா, நீங்கள் சிரிப்பதைப் பார்க்கிறேன். சிரியுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். மனசு கேட்கவில்லை.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு பூஞ்சையைக் கண்டுபிடித்தேன். அதன் வித்தில் மூன்று அறைகள். அப்படி ஒன்றை எந்த நூலிலும் காணோம். இன்னும் நான்கு வாரம் ஈரத்திலேயே இருக்கட்டும், வித்து முற்றட்டும் என்றார் அக்கா. நான் கேட்டேனா? பதவி உயர்வு வாசலில் வந்து நின்றது. பன்னிரண்டாம் நாளே ஆய்விதழுக்கு எழுதி அனுப்பினேன். என் மகள் பிறந்திருந்த நேரம். அவள் பெயரையே அதற்கு வைத்தேன். அந்தப் பூஞ்சைதான் என்னை இந்த நாற்காலி வரை கொண்டுவந்தது.

சென்ற ஆண்டு அக்கா அதே மரத்தடியில் போய் இலை பொறுக்கி வந்தார். நாற்பது நாள், நாளுக்கு ஒரு படம் வரைந்தார். மூன்று அறை வித்து முற்ற முற்ற ஐந்து அறையானது. அந்த ஐந்து அறைப் பூஞ்சைக்கோ யாரோ நூறாண்டுக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். நான் கோழிக்குஞ்சைப் பார்த்துவிட்டுப் புதுப் பறவை என்று எழுதியிருக்கிறேன்!

இதையெல்லாம் எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து மெதுவாகச் சொன்னார்: "முதல்ல நீங்க படிங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்."

அன்று மாலையே படித்தேன். எல்லாம் சரி. படித்து முடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மூன்று மாதம்! ஒருமுறைகூட அவர் நினைவூட்டவில்லை. மருத்துவமனையில்தான் கேட்டார், படித்தாயிற்றா என்று. இன்னும் இல்லை என்றேன். கடைசிப் படுக்கையில் இருந்தவரிடம் பொய் சொன்னேன், பெரியோர்களே! "பரவாயில்ல, உங்களுக்கு வேலை இருக்கும்" என்று அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று என் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தன் பெயரில் ஒரு பூஞ்சை இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து பெருமையடித்துத் திரிந்தவள் அவள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அனுப்பிடுங்கப்பா. எனக்குத்தான் என் பேர் இருக்கே."

அக்கா விட்டுச்சென்ற பதினேழு டப்பாக்கள் இன்னும் ஈரமாகவே இருக்கின்றன. மாணவர்கள் முறை வைத்துத் திறந்து பார்த்து வரைகிறார்கள். அவற்றில் முளைக்கும் புதுப் பூஞ்சை ஒன்றுக்கு அக்காவின் பெயரை வைக்க வேண்டும் என்றார் தலைவர். வைப்போம்! ஆனால் வித்து முற்றும்வரை காத்திருந்து, ஒன்றுவிடாமல் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வைப்போம். இது இந்த அவைக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

அந்தக் கட்டுரையை இன்று காலை அனுப்பிவிட்டேன். எழுதியவர் என்று ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, அது அக்காவுடையது. நான் பெயர் வைத்த பூஞ்சை இனி உலகில் இல்லை.

அக்கா, படித்துவிட்டேன். ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.