உப்பில்லாச் சமையல்

எனக்குச் சமையல் நன்றாக வரும், டொக்டர். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் மருந்தைப் பற்றித்தான் கேட்டீர்கள், தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

வீட்டில் நானும் என் புருஷன் கஸ்பரும் மட்டும்தான். பிள்ளை இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் கொழும்பில் காவல் வேலைக்குப் போவதென்று முடிவெடுத்து, பையைக் கட்டிவிட்டார். எங்கள் டயகம தோட்டத்திலிருந்து அப்படிப் போன ஆண்கள் தீபாவளிக்கு வருவார்கள், கிறிஸ்மஸுக்கு வருவார்கள், பிறகு வரமாட்டார்கள். புறப்பட வேண்டிய அன்று காலையில் அவருடைய கால் பெருவிரல் சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டால்கூடக் கத்தினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "டெல்சி, எங்கயும் போயிராத" என்றார். கல்யாணமாகிப் பதினொரு வருடமும் "ஏய்", "இந்தா" என்றுதான் கூப்பிட்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

லயத்தில் எல்லாரும் வாதம் என்றார்கள், எண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள். அடுத்து முழங்கால் வீங்கியபோது கிளினிக் டொக்டர் ஊசியால் நீர் எடுத்துப் பார்க்க அனுப்பினார். யூரிக் அசிட், மூட்டுக்குள் உப்பு மாதிரி படிந்திருக்கிறது என்றார். வெள்ளை மாத்திரையை நாள் தவறாமல் போட்டால் கரைந்துவிடும், ஈரலும் நெத்தலியும் கூடாது என்றார். கஸ்பர் காதில் விழுந்தது உப்பு மட்டும்தான். லயத்துக்கும் அதுதான் போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டு ராக்காயி அன்றே வந்து என் உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு போனாள். நான் திருத்தவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உப்பில்லாச் சமையல். நானும் அதையேதான் சாப்பிட்டேன். சோறு இறங்க வேண்டுமே, அதனால் நெத்தலிக் கருவாட்டை மூன்று தண்ணீரில் ஊறவைத்து, உப்பைப் போக்கி, வறுத்து இடித்து எல்லாக் கறியிலும் தூவினேன். லிந்துலையில் ஜமால்தீன் நானாவின் இறைச்சிக்கடையில் ஞாயிறுதோறும் எனக்கென்று ஈரல் எடுத்துவைப்பார்கள். ராக்காயி வாசலில் நின்று, "அடியே, ஒன்னைய மாதிரி பொண்டாட்டி எவனுக்குக் கெடைப்பா? புருசனுக்காக நீயும்ல சப்புன்னு திங்கிற" என்பாள்.

கிளினிக் மாத்திரையை வாங்கிவந்த அன்றே கக்கூஸ் குழியில் கொட்டிவிடுவேன். அந்த உறைக்குள் சத்து மாத்திரையைப் போட்டு வைத்தேன். அதுவும் வெள்ளைதான். தினமும் என் கையாலேயே கொடுத்தேன், ஒரு நாள் தவறியதில்லை. அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

வலி மாத்திரையை மட்டும் தாராளமாகக் கொடுத்தேன். அது கிட்னிக்கு ஆகாது என்று கிளினிக்கில் எச்சரித்திருந்தார்கள். ஆனால் ஒரு மனிதர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வராது.

இடையில் இரண்டு மாதம் நன்றாக நடமாடினார். ஒரு நாள் கொழுந்து பறித்துவிட்டு வந்து பார்த்தால், பழைய பையைத் துடைத்து வெயிலில் காயவைத்திருந்தார். அந்தக் கிழமை இரண்டு தடவை ஈரல் வாங்கினேன். வெள்ளிக்கிழமை இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. பையை நானே மடித்து மேலே வைத்தேன். அதற்குப் பிறகு அவர் தனியாகக் கக்கூஸுக்குக்கூடப் போனதில்லை. தோளில் சாய்த்து நான்தான் கூட்டிப்போனேன்.

நேற்று நீங்கள் இரண்டு கிட்னியும் போய்விட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றீர்கள். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கைவிரல்களெல்லாம் கட்டி கட்டியாக மடங்காமல் நிற்கின்றன. அந்தக் கையை என் மடியில் வைத்து, "நீ மட்டும் இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பேன்" என்றார்.

ஆமாங்க என்றேன். சாகப்போகிறவரிடம் எதற்கு டொக்டர் பொய் சொல்ல வேண்டும்?